எல்லவுல எறங்காம வந்த பேராண்டிக்கு

வா ராசா, உக்காரு. கழுத்துல கெமரா தொங்குது, கண்ணுல கலை தெரியுது. பதுளை டவுன்ல பழைய கடைவீதியைப் படம் புடிக்கப் போறேன்னு உங்க ஆத்தா சொன்னா. சந்தோசம். கொழும்புலருந்து 290 கிலோமீட்டர் கிட்ட ஓடி வர்ற கோச்சியில, கெமரா வச்சிருக்கிறவன் எல்லாம் எல்லவுலயே எறங்கி, ஒன்பது வளைவுப் பாலத்துல கையை விரிச்சு நின்னுட்டுத் திரும்பிடுறான். அந்தப் பாலத்தை 1921-ல கட்டி முடிச்சதே கோச்சி பதுளைக்கு வரணும்னுதான். 1924-ல வந்தும் சேர்ந்துச்சு. கல்யாணத்துக்கு வந்துட்டு வாசல் வாழைமரத்தைப் பாத்துட்டு ஊருக்குப் போற கதைதான் இது. நீயாவது கடைசி ஸ்டேசன் வரைக்கும் வந்தியே, அதுக்கே ஒரு பிளேன்டி குடிக்கலாம்.

குடிச்சுக்கிட்டே கேளு. நான் கெமரா தூக்குனவன் இல்ல, கொழுந்துக்கூடை தூக்குனவன். ஆனா என்னைய நெறைய பேரு படம் புடிச்சிருக்காங்க. அந்த அனுபவம் போதும் புத்தி சொல்ல.

மொத விசயம். பழைய கட்டடம்னா ஒடனே கறுப்பு வெள்ளையா மாத்திப்புடாத. கறுப்பு வெள்ளையில போட்டா புது பிளாஸ்டிக் வாளிக்கும் சோகம் வந்துடும். கடைக்காரரு போன தீவாளிக்குத்தான் கடன் வாங்கிப் பச்சைப் பெயிண்டு அடிச்சிருப்பாரு. அதைச் சாம்பலாக்க நீ யாரு? ஒன்னைய மாதிரி ஒரு பய முன்னாடி வந்தான். காரை பேந்த சுவரைப் பாத்து ஆகா ஆகான்னான். உள்ள இருந்தவரு ஏணியைத் தூக்கிட்டு வந்து, "தம்பி, அவ்வளவு புடிச்சிருந்தா கூரை மேலயும் ஏறிப் பாருங்க, அங்க ஓட்டை இன்னும் அழகா இருக்கு"ன்னாரு. பய ஏறல. ஐப்பசியில புடிச்ச மழை தை வரைக்கும் ஒழுகுறப்ப, அடியில சட்டி வைக்கிறது யாருன்னு அவனுக்குத் தெரிய வேண்டியதும் இல்ல.

ரெண்டாவது, நேரம். உங்க கூட்டம் காலையில ஆறு மணிக்குக் கெளம்பும். வெளிச்சம் தங்கமா இருக்குமாம். பதுளை மலைகளுக்கு நடுவுல கெடக்குற ஊரு, வெயில் மெதுவாத்தான் எறங்கும். அந்நேரத்துக்குப் போயி ஆளில்லாத வீதியை எடுத்து, "வெறிச்சோடிய நகரம்"னு அடியில எழுதுவீங்க. ஊரு வெறிச்சோடலப்பா, கடைக்காரன் தூங்குறான். தோட்டத்துல சம்பளம் போட்ட பொறகு வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் போ. பசறை பஸ்ஸும் ஸ்பிரிங்வெளி பஸ்ஸும் மடுல்சீமை பஸ்ஸும் கொண்டாந்து கொட்டுற சனத்தைப் பாரு. புடவைக் கடைப் படியில ஒருத்தி நின்னு, அடகுக் கடைக்கு இவ்வளவு, பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு இவ்வளவுன்னு வெரலை மடக்கிக்கிட்டு இருப்பா. அவ முகம் வேணும்னா மொதல்ல கேளு. கேக்காம எடுத்தியோ, அவ கையில இருக்குற குடை மழைக்கு மட்டும் இல்லன்னு தெரிஞ்சுக்குவ.

மூணாவது, என்னத்தை எடுக்குறது? வெலேகடைப் பழைய சந்தையை எல்லாரும் எடுத்தாச்சு. 1889-ல வெள்ளைக்காரன் கட்டுனது, தொல்பொருள்காரங்க காவல்ல இருக்கு, அது பொழைச்சுக்கும். நீ பசார் பக்கம் போயி மரப்பலகைக் கதவு வச்ச கடையைத் தேடு. தேடுனா இன்னும் ஆம்புடும். ஒவ்வொரு பலகையிலயும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு இலக்கம் எழுதியிருக்கும். ராத்திரி அந்த வரிசையிலதான் காடியில எறக்கணும். ஆறாம் பலகையை அஞ்சாம் எடத்துல சொருகுனா கடைசிப் பலகை உள்ள போகாது, கதவு பூட்டாது. பலகையோட ஓரத்தைக் கிட்டப் போயிப் பாரு. கைப் புடிக்கிற எடம் மட்டும் வழவழன்னு கறுத்துக் கெடக்கும். அப்பன் புடிச்ச அதே எடத்துலதான் மவனும் புடிச்சிருப்பான். அந்த ஒரு சாண் எடத்தை ஒழுங்கா எடுத்தீன்னா, கூரையெல்லாம் தெரியுற படம் ஒனக்குத் தேவையே இல்ல.

நாலாவது, ஸ்டூடியோ. நீ படம் புடிக்கிறவன், படம் புடிச்ச எடத்தைப் பாக்க வேணாமா? நம்ம லயத்துச் சனம் கெமரா முன்னால வரிசை கட்டி நின்னது கலைக்காக இல்ல, பாஸ்போட்டுக்காக. 1964-ல நம்ம நாட்டுப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு நம்மளப் பங்கு பிரிச்சாங்க. அஞ்சே கால் லட்சம் பேரு இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேரு இங்க, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பொறகு பாத்துக்கலாம்னாங்க. தேயிலைத் தூளைக்கூட இத்தனை அவசரமா யாரும் தரம் பிரிக்கல. அதுக்குப் பொறகு டவுன் ஸ்டூடியோவுல கூட்டம் தாங்கல. அங்க கறுப்புக் கோட்டு ஒண்ணே ஒண்ணு இருக்கும். முன்னால பட்டன் பளபளன்னு இருக்கும், முதுகுப் பக்கக் கிழிசலை ஊசி குத்தி வச்சிருப்பாங்க. கோட்டு போட்டவன் திரும்புனா மானம் போயிரும், அதனாலதான் எல்லாரும் அவ்வளவு வெரைப்பா நேரா பாக்குறாங்க. இந்தப் பக்கத்து லயங்கள்ல சுவத்துல தொங்குற தாத்தாமாருல பாதிப் பேரு அந்த ஒரே கோட்டுக்குள்ளதான் இருக்காங்க.

அந்தப் படத்தை ஒட்டுன பாஸ்போட்டோட போனவங்க தலைமன்னாருல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல எறங்குனாங்க. அவங்களை இங்கருந்து ஏத்திக்கிட்டுப் போன கோச்சிக்கு அழுகைக் கோச்சின்னு பேரு. நீ பழைய வீதின்னு சொல்றியே, அவங்க கடைசியா புள்ளைகளுக்குத் துணி எடுத்த வீதி அது. தமிழ்நாட்டுப் பக்கம் போனா அவங்க பேரப்புள்ளைககிட்ட அந்தப் படம் இருக்கும். பின்னால திருப்பிப் பாத்தா ஸ்டூடியோ முத்திரையில பதுளைன்னு எழுதியிருக்கும். அதையும் சேத்துத் தேடுனாத்தான் நீ எடுக்குறது முழுசாகும்.

அஞ்சாவது, சிரிக்காம கேளு. ஒரே சுவருல மேல்பாதி புதுக் காரை, கீழ்பாதி பழைய காரைன்னு இருந்தா, அதையும் அழகுன்னு கிளிக் பண்ணிட்டு ஓடாத. 1983 ஜூலை 27, தமிழ் ஆளுங்களுக்கு எதிரா கலவரம் நடந்த நேரம், நடுப்பகல் இருக்கும். கூட்டமா வந்து பசார்ல கடை கடையா தீ வச்சாங்க. பொறகு ஹாலிஎல, பண்டாரவளைன்னு போனாங்க. எரிஞ்ச எடத்துலயே திரும்பவும் கடை தொறந்தவங்க உண்டு, தொறக்காமப் போனவங்களும் உண்டு. எல்லாக் கறையும் வயசாகி வந்த கறை இல்லப்பா. அந்தக் கதையை யாராவது சொல்ல ஆரம்பிச்சா கெமராவைக் கீழ வையி. காது போதும்.

இப்ப முக்கியமானது. நம்ம ஊர்ல பேரு யாருக்கு நிலைச்சிருக்குன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாரு. மேஜர் ரோஜர்ஸ்னு ஒரு தொரை பதுளையில அதிகாரம் பண்ணுனாரு. 1,400 யானை சுட்டாருன்னு சொல்லுவாங்க. 1845-ல ஹப்புத்தளையில இடி விழுந்து செத்தாரு. அவரு ஞாபகமா 1857-ல டவுன்ல செயின்ட் மார்க்ஸ் கோயிலையே கட்டி வச்சாங்க. யானை சுட்டவருக்குக் கல்லுல பேரு. யானை நடந்த காட்டை ரோட்டாக்குனவனுக்குக் காகிதத்துலயும் இல்ல.

படம் புடிச்சவங்களும் அப்படித்தான். ஜூலியா மார்கரெட் கேமரன்னு ஒரு வெள்ளைக்காரம்மா. இங்கிலாந்துல டார்வினையும் டென்னிசனையும் படம் எடுத்த கை. 1875-ல இலங்கைக்கு வந்து, 1879-ல டிக்கோயாப் பக்கத் தோட்டத்துல கண்ணை மூடி, பொகவந்தலாவையில அடக்கமாயிருக்கு. இங்கயும் நம்ம சனத்தை எல்லாம் எடுத்துச்சு. டார்வின் படத்துக்கு அடியில டார்வின்னு இருக்கு. களுத்துறைச் சனத்தை எடுத்த படத்துக்கு அடியில "களுத்துறைக் குடியானவர்கள்"னு இருக்கு. அதுக்கப்புறம் கொழும்புக் கம்பனிக்காரன் போஸ்ட்கார்டு போட்டு வித்தான். மூக்குத்தி தெரியும், கூடை தெரியும், கூடையில கொழுந்துகூடத் தெரியும். "கொழுந்து பறிக்கும் பெண்"ணுக்குப் பேரு என்னான்னு மட்டும் தெரியாது. 150 வருசமா நம்மளைப் படம் புடிக்கிறாங்க ராசா. என்னையும் அந்த மாதிரி எத்தனையோ பேரு எடுத்தாங்க. சிரிங்கன்னாங்க, கையைத் தூக்குங்கன்னாங்க. ஒங்க பேரு என்னாங்கய்யான்னு கேக்கத்தான் ஒருத்தருக்கும் நேரமில்ல.

அதனால நீ கடைக்குள்ள போ. சும்மா போகாத, அரை றாத்தல் சீனியாவது வாங்கு. வாங்குனவன்கிட்டதான் வியாபாரி வாயைத் தொறப்பான். சிங்களவரு கடையா, முஸ்லிம் ஆளு கடையா, யாழ்ப்பாணத்தாரு கடையா, எதுவானாலும் பேரைக் கேளு, கடை எப்ப வச்சாங்கன்னு கேளு, யாருகிட்டருந்து வாங்குனாங்கன்னு கேளு. நோட்டுல எழுது. போன்ல போட்டு வைக்கிறேங்காத, நீ வருசத்துக்கு ஒரு போனைத் தொலைக்கிறவன். பொறகு படத்தைக் காகிதத்துல அடிச்சு, படத்துல இருக்கிறவங்க கையிலயே கொண்டு போயிக் குடு. கடைக்காரரு அதைச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுனா நீ பாஸ். மேசை லாச்சிக்குள்ள போட்டா இன்னும் கொஞ்சம் படி.

படத்துக்கு அடியில பேரெல்லாம் எழுத எடம் இருக்காதுங்குறியா? ஒவ்வொரு படத்துலயும் மூலையில சாஞ்ச எழுத்துல ஒன் பேரைப் போட்டு, பக்கத்துல "போட்டோகிராபி"ன்னு வேற எழுதுறியே, அதைச் சின்னதாக்கு. பசார் முழுக்கப் பேரு எழுத அந்த எடம் தாராளமாப் போதும்.