ஆவி புகுந்த ஓவன்

டெக்சாஸின் சான் அன்டோனியோவில் டிசம்பர் வந்துவிட்டால் நலம் விசாரிப்பதற்குப் பதிலாக, "தமாலே போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் கிறிஸ்துமஸை ஒட்டி ஒருநாள் கூடி உட்கார்ந்து தமாலே செய்வார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தமலாடா என்று பெயர். சமையல் என்று சொல்லிக்கொள்வார்களே தவிர, பாதி நேரம் அது வராத உறவினர்கள் மீதான விசாரணைக் கமிஷன்.

சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவைப் பன்றிக் கொழுப்போடு நுரைக்க நுரைக்க அடிக்க வேண்டும். ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் மறுபடி அடி. அதை ஊறவைத்த சோளத் தோலில் பூசி, நடுவே மிளகாய்ச் சாந்தில் வெந்த இறைச்சியை வைத்து மடிப்பார்கள். நாங்கள் சைவம் என்பதால் எங்களுடையதில் பொப்லானோ மிளகாயும் பாலாடைக்கட்டியும்தான். கொழுப்பும் தாவரக் கொழுப்பு. எதிர்வீட்டு அபுவேலா அதை மன்னித்துவிட்டார். அபுவேலா என்றால் பாட்டி. தெருவுக்கே அவர்தான் பாட்டி.

அவர் மன்னிக்காதது எங்கள் ஓவனை.

தமாலேயை நிற்கவைத்துத்தான் வேகவைக்க வேண்டும். இட்லிப் பானைக்குள் நிற்கவைத்தால் மூடி மூடாது. படுக்கவைத்தால் பத்துக்கு மேல் இடமில்லை. ஆகவே நன்றி நவிலும் நாளுக்கு வான்கோழி சுட விற்கிற ஆழமான அலுமினியத் தட்டு ஒன்றை வாங்கினோம். அடியில் கம்பித் தட்டு, அதன் கீழே கொதிநீர், மேலே வரிசையாகத் தமாலே, எல்லாவற்றுக்கும் மேல் ஈரத் துணியும் இரண்டு சுற்று அலுமினியத் தாளும்.

"மிஹோ, ஓவன் கேக்குக்கு" என்றார் அபுவேலா. மிஹோ என்றால் மகனே.

அறிவியலை எடுத்துவிட்டேன். ஓவன் 200 டிகிரி என்று எவ்வளவு ஜம்பம் அடித்தாலும், மூடிய தட்டுக்குள் தண்ணீர் இருக்கும்வரை ஆவி 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அடுப்பென்றால் தீ கீழிருந்து மட்டும். ஓவனில் நாலு பக்கமும் சூடு. அபுவேலா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காசு எங்கே போடுவாய்?" என்றார்.

காசு விஷயம் பெரிய விஷயம். தமாலே பானையின் அடியில் ஒரு நாணயத்தைப் போட்டுவிடுவார்கள். தண்ணீர் கொதிக்கும்வரை அது கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். ஓவன் கதவுக்குப் பின்னால் நாணயம் என்ன பேசினாலும் யாருக்குக் கேட்கும்? அதோடு, சமைப்பவர் கோபமாக இருந்தால் தமாலே வேகவே வேகாது என்பார்கள். அதற்குப் பரிகாரமாகச் சோளத் தோலைக் கிழித்துப் பானையின் காதுகளில் முடிச்சுப் போடுவதுண்டு, பானை முன் ஆடுவதும் உண்டு. ஓவனுக்குக் காதே கிடையாது.

இந்த ஊரில் தமாலே விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 1976 ஏப்ரலில் இங்குள்ள அலமோ கோட்டைக்கு வந்த அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு, தோலை உரிக்காமலே ஒரு தமாலேயைக் கடித்துவிட்டார். அடுத்த மாதம் டெக்சாஸில் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில் ரீகனிடம் தோற்றார். நவம்பரில் கார்ட்டரிடம் டெக்சாஸையும் பதவியையும் சேர்த்தே தோற்றார். காரணங்கள் வேறு என்பது சரித்திர ஆசிரியர்களின் கட்சி. அபுவேலா சரித்திர ஆசிரியர் இல்லை.

கடைசி அஸ்திரமாக ஸகாவீலை எடுத்தேன். மெக்சிகோவின் வாஸ்தெகா பகுதியில் வாழையிலையில் பொதிந்து செய்கிற பூதத் தமாலே அது. ஒன்று மட்டுமே ஒரு மீட்டர் நீளம்கூடப் போகும். விறகு எரித்த மண் அடுப்புக்குள் வைத்து அடைத்து, இரவெல்லாம் வேகவிடுவார்கள். "அதுவும் ஓவன்தானே, அபுவேலா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அது ஊருக்கே போடுவது. நீ எத்தனை பேருக்குப் போடுகிறாய்?"

"ரெண்டு பேருக்கு."

"ரெண்டு பேருக்கு ஒரு ஓவனா!" என்றார். அதற்கு எந்த அறிவியலிலும் பதில் இல்லை.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் தாளைப் பிரித்தோம். தோல் ஒட்டாமல் உரிந்து வந்தது. வெந்ததற்கு அதுதான் அடையாளம். அபுவேலா ஒன்றைத் தின்றார், இன்னொன்றையும் தின்றார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவருடைய பேரன் ஒரு பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பானையில் இடம் போதவில்லையாம், இதை உங்கள் ஓவனில் வைக்க வேண்டுமாம், அவன் அம்மாவிடம் சொல்லக் கூடாதாம். அப்புறம், வேகிறவரை நானும் என் மனைவியும் சண்டை போடக் கூடாதாம்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஒன்றேகால் மணி நேரம்."

"அவ்வளவு நேரமா?" என்றாள்.