கந்தக பூமிக்கு வந்த கணித ஜோசியர்

உளுந்து மூட்டை என்ன விலை, மல்லி ஏறுமா, வத்தல் இறங்குமா என்று தென்னாட்டுக்கே சொல்லும் ஊர் விருதுநகர். மார்க்கெட் நிலவரம் வாரம் தவறாமல் பேப்பரில் வந்துவிடும். அதே ஊரில் ஒரு செண்ட் மனை என்ன விலை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். விற்றவர் ஒன்று சொல்வார், வாங்கியவர் ஒன்று சொல்வார், பத்திரம் வேறொன்று சொல்லும். புரோக்கர் உங்கள் சட்டையைப் பார்த்துவிட்டு நாலாவதாக ஒன்று சொல்வார்.

இந்த நாலு விலையையும் வைத்துக்கொண்டு, வீட்டுச் சந்தை எப்போது படுக்கும் என்று புள்ளியியல் மாடல் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம்.

இந்த சாஸ்திரத்தின் பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஹோமர் ஹாய்ட் என்பவர் சிகாகோவின் நூறாண்டு நில மதிப்பை ஆராய்ந்து புத்தகம் போட்டது 1933-இல். அதற்குள் சிகாகோ நிலம் விழுந்து, புழுதியும் அடங்கியிருந்தது. அமெரிக்கா முழுக்க வீட்டு விலை சேர்ந்து விழுந்த சரித்திரமே இல்லையே என்று 2005-இல் பொருளாதார நிபுணர் பென் பெர்னான்கி தைரியம் சொன்னார். வங்கிகளின் மாடல்களும் அதற்குத் தலையாட்டின. 2008-இல் என்ன ஆனது என்று உலகத்துக்கே தெரியும். தன் கணிப்பை நம்பி வீடுகளைத் தானே வாங்கிக் குவித்த அமெரிக்காவின் சில்லோ கம்பெனி, 2021 நவம்பரில் அந்தக் கடையை மூடியது.

நம் கதைக்கு வருவோம். 1922-இல் பக்கத்து ஊரான சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். அன்றைக்கு சிவகாசியில் ஒரு மாடலை உட்கார வைத்திருந்தால், மழையில்லாத கரிசலையும் வறண்ட ஆற்றையும் பார்த்துவிட்டு ஊரையே காலி செய்யச் சொல்லியிருக்கும். நல்லவேளை, அவர்கள் அதைக் கேட்காமல் போனார்கள்.

பிறகு நாலுவழிச் சாலை வந்தது. கருவேலங்காட்டுக்கெல்லாம் 'நகர்' என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக் கல், கலர் கொடி, ஷாமியானா, இலவச வேன், மதியம் பிரியாணி. 2016 ஆகஸ்டில் கேட்டிருந்தால், வட்டி, வருமானம், பதிவான பத்திரம் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி 'இன்னும் ஏறும்' என்று மாடல் மங்களம் பாடியிருக்கும்.

செப்டம்பர் 9-ஆம் தேதி யானை ராஜேந்திரன் என்ற வழக்கறிஞரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்றது. சரியாக அறுபதாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு மோடி டிவியில் வந்தார். ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போயின. முதல் உத்தரவு பத்திரத்தை நிறுத்தியது, இரண்டாவது பத்திரத்தில் எழுதாத பணத்தை நிறுத்தியது. மனை வியாபாரத்துக்கு இருந்த இரண்டு காலும் போயின. எந்த மாடலிலும் 'யானை' என்றொரு கட்டம் கிடையாது.

மறு ஆண்டு நடந்ததுதான் உச்சக்கட்டக் காமெடி. 2017 ஜூன் 9 முதல் தமிழ்நாடு முழுக்க, பத்திரப் பதிவுக்குத் தானே நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை அரசு 33 சதவீதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1-இலிருந்து 4 சதவீதமாக்கியது. இங்கே பத்திரத்தில் ஏறும் தொகை பெரும்பாலும் அந்த வழிகாட்டி மதிப்புதான். ஆக, அதை விலையென்று நம்பிய எந்த மாடலுக்கும் ராத்திரியோடு ராத்திரியாக மாநிலமே மூன்றிலொரு பங்கு சரிந்திருக்கும். விற்றவர் ஒரு பைசா குறைக்கவில்லை! 2023 ஏப்ரலில் பழைய மதிப்பே திரும்பி வந்தபோது, அதே மாடல் ஐம்பது சதவீத ஏற்றம் என்று குதித்திருக்கும்.

சிவகாசிக்காரர் இதையெல்லாம் பார்க்க மாட்டார். வடக்கத்தி வியாபாரி அட்வான்ஸ் அனுப்பினாரா என்று பார்ப்பார். தீபாவளி ஆர்டர் வந்தால் மாடி எழும்பும், வராவிட்டால் கம்பி துருப்பிடிக்கும். 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் சேரும் பேரியத்துக்குத் தடை போட்டு, தீபாவளி வெடிக்கு இரண்டு மணி நேரம் என்றது. பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. பஞ்சாபில் வைக்கோலைக் கொளுத்தினால் டெல்லி இருமும். டெல்லி இருமினால் பட்டாசுக்குத் தடை வரும், சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் மனைக்கு ஆள் வராது. இந்தச் சமன்பாட்டை எந்தப் பேராசிரியரும் கரும்பலகையில் எழுதவில்லை.

ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடு பல வருஷம் பத்து நகரங்களைத்தான் எண்ணியது. தமிழ்நாட்டில் சென்னை மட்டும். எனவே சிவகாசிப் பக்கம் மனை பார்ப்பவர்கள் உச்ச நீதிமன்ற வழக்குப் பட்டியலையும் பதிவுத்துறை அரசாணையையும் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பிரியாணியை அதற்கு முன்பே சாப்பிட்டுக்கொள்ளலாம்.