திரும்பி வரும் எண்ணம்

பெறுநர்: விசாக் கொள்கையை வகுக்கும் பிரிவு, ஐரோப்பிய ஆணையம், பிரஸ்ஸல்ஸ்.

பொருள்: இலையுதிர்கால விடுமுறையில் நண்பர் வீட்டுக்குப் போய்வருதல் தொடர்பாக.



1985 ஜூன் 14 அன்று, மோசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் அமர்ந்து ஐந்து நாடுகள் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. கரையில் இருந்த சிற்றூரின் பெயர் ஷெங்கன். லக்ஸம்பர்க், ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் கூடும் முக்கு அது. திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன பகுதி. எல்லைச் சாவடியில் நிற்காமல் பக்கத்து நாட்டுக்குப் போய்வர வேண்டும் என்ற எளிய ஆசையில் பிறந்த அந்த ஏற்பாட்டில் இன்று 29 நாடுகள் இருக்கின்றன. இத்தனை நல்ல நோக்கத்தைச் சுமக்கும் பெயர், சென்னையிலும் கொச்சியிலும் வயிற்றைக் கலக்கும் சொல்லானது எப்படி என்று யோசித்ததன் விளைவே இக்கடிதம். (உங்களில் சிலர் தங்களுக்குள்ளேயே எல்லையில் மறுபடி காவலர்களை நிறுத்தியிருப்பதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது உங்கள் பங்காளிச் சண்டை.)

ஒரு சாதாரண ஆசையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர், ஜெர்மனியில் குடியிருக்கும் நண்பரின் வீட்டில் அக்டோபரில் பத்து நாள் தங்க விரும்புகிறார். இங்கே புரட்டாசிப் புழுக்கம் முடிந்து ஐப்பசி மழைக்கு வானம் கூடும் நேரத்தில், அங்கே மரங்கள் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறி உதிரத் தொடங்கியிருக்கும். உங்கள் விதிப்படி பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். அதாவது ஏப்ரலில், அந்த இலைகள் துளிர்விடும்போதே, அவை உதிர்வதை எந்தத் தேதியில் வந்து பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு சொல்ல உங்களுக்கு 15 நாள், ஐயம் எழுந்தால் 45 நாள் வரை. மரங்களோ 810/2009 என்ற எண்ணுள்ள உங்கள் விசாச் சட்டத்தைப் படித்ததில்லை; சில வாரங்களில் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு மொட்டையாக நின்றுவிடும். இதற்கிடையே நம்மவர் வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, 35க்கு 45 மில்லிமீட்டரில் புன்னகை இல்லாத புகைப்படம், பத்து விரல் ரேகை, 90 யூரோ கட்டணம் எல்லாவற்றையும் திரட்டுகிறார். விமானப் பதிவைக் காட்டினால் போதும், டிக்கெட்டை வாங்கியிருக்க வேண்டியதில்லை என்று பெருந்தன்மையோடு சொல்கிறீர்கள். அந்தப் பெருந்தன்மையை நம்பி, யாரும் ஏறாத விமானங்களுக்குப் பதிவுச் சீட்டு எடுத்துக் கொடுக்கும் குடிசைத் தொழில் ஒன்று எங்கள் ஊர்களில் வளர்ந்திருக்கிறது. விண்ணப்பதாரரின் நேர்மையை எடைபோடும் கோப்பில், பல நேரம் முதல் காகிதமே ஒரு கற்பனைக் கதை.

இதெல்லாம் சுற்றுலாப் பயணிக்கும் உண்டுதானே என்பீர்கள். உண்டுதான். ஆனால் சுற்றுலாப் பயணி தங்குமிடத்துக்கு ஹோட்டல் பதிவு ஒன்றைக் காட்டினால் விஷயம் முடிந்தது. அந்த ஹோட்டல்காரரின் சம்பளச் சீட்டை யாரும் கேட்பதில்லை. முன்பின் தெரியாத ஹோட்டலிடம் வராத சந்தேகம், பத்தாண்டு பழகிய நண்பர் வந்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. செலவை அந்த நண்பர் ஏற்பதாக இருந்தால், ஜெர்மனியில் அவர் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு நேரில் போய், வருமானத்தைக் காட்டி, 29 யூரோ கட்டி, ‘ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்ளேருங்’ என்ற உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். மூச்சு வாங்காமல் சொல்லி முடிப்பவருக்கு விசா கொடுத்துவிடலாம் என்பது என் தனிப்பட்ட பரிந்துரை. வருபவரின் சாப்பாடு, இருப்பிடம், நோய் வந்தால் மருத்துவம், தேவைப்பட்டால் அவரை நாடுகடத்தும் செலவு எல்லாவற்றுக்கும் அந்தக் கையெழுத்து பொறுப்பு. விருந்தாளிக்குப் பாய் விரிக்கும் முன்பே, அவரைப் பிடித்து விமானத்தில் ஏற்றும் செலவுக்கும் ஒப்புதல் வாங்கிவிடுகிறீர்கள். பிரான்சில் நண்பர் நகராட்சியிடம் சான்று வாங்க வேண்டும்; கட்டணம் 30 யூரோ, சான்றை மறுத்தாலும் கட்டணம் கட்டணம்தான். எங்கள் ஊர்க் கந்துவட்டிக்காரர்கூடக் கடன் கொடுக்கும்போதுதான் ஜாமீன் கையெழுத்துக் கேட்பார், காப்பி கொடுக்கும்போது கேட்பதில்லை. ஆக, உங்கள் கணக்கில் நண்பர் என்பவர் ஜாமீன்தாரராக மாறும்வரை எதற்கும் சான்று ஆவதில்லை. ஒருவரைப் பல ஆண்டு அறிந்த மனிதர், ‘இவர் திரும்பிப் போய்விடுவார்’ என்று சொல்லும் சொல்லைவிட, அவரை அறியவே அறியாத வங்கியின் முத்திரைக்கு மதிப்பு அதிகம்.

இனி, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அந்த ஒரு வரிக்கு வருவோம். மறுப்புப் படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, விசா முடிவதற்குள் வெளியேறும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு இருக்கிறதா என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறது என்பது. 2013 டிசம்பரில் லக்ஸம்பர்க்கில் உள்ள உங்கள் நீதிமன்றமும் இதைப் பரிசீலித்தது. அவர் திரும்பிப் போவார் என்று அதிகாரி உறுதியாக நம்பியாக வேண்டியதில்லை, நியாயமான ஐயம் இல்லாமல் இருந்தால் போதும் என்றது. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணத்தைத் திறந்து பார்க்கக் கருவி இல்லாததால், மனைவி, மக்கள், வேலை, வீடு, வங்கி இருப்பு ஆகியவற்றை எண்ணத்தின் நிழலாக வைத்து அளக்கிறீர்கள். இந்த அளவுகோலை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் மீதே வைத்துப் பார்க்கலாம். 1795இல் நிலையான சமாதானத்தைப் பற்றி எழுதிய இம்மானுவேல் காண்ட், அந்நியருக்கு விருந்தினராகத் தங்கும் உரிமை இல்லாவிட்டாலும், வந்து பார்க்கும் உரிமை உண்டு என்றார். பூமி உருண்டை, மனிதர்கள் எல்லையின்றிச் சிதறிப் போய்விட முடியாது, ஒருவரையொருவர் சகித்துத்தான் ஆக வேண்டும் என்பது அவர் தந்த காரணம். அவரே உங்கள் கவுன்ட்டருக்கு வந்தால்? மணமாகாதவர். பிள்ளைகள் இல்லை. இதற்கு முன் வெளிநாடு போய்வந்ததற்கு ஒரு முத்திரை இல்லை. வேரற்றவர் என்று கட்டத்தில் டிக் அடித்துவிடுவீர்கள். ஆனால் ஏறத்தாழ 80 ஆண்டு வாழ்க்கையில் பிறந்த ஊரான கோனிக்ஸ்பெர்கின் சுற்றுவட்டாரத்தைத் தாண்டாத அவரைவிட, வீடு திரும்புவார் என்று நம்பத்தக்க ஐரோப்பியர் ஒருவரைக் காட்டுங்கள், பார்ப்போம்.

வந்தவர்கள் எல்லோரும் திரும்புவதில்லையே என்ற மறுப்பை நான் தள்ளிவிடவில்லை. தங்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள், தன் வாசலைக் காக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. 2024இல் இந்தியாவிலிருந்து சுமார் 11 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன, ஏறத்தாழ 1.65 லட்சம் மறுக்கப்பட்டன, நூற்றுக்கு 85 பேர் போய்த்தானே வருகிறார்கள் என்றும் கேட்கலாம். மறுக்கப்பட்டவர்களின் கட்டணம் திரும்புவதில்லை. பெருக்கிப் பார்த்தால் ஒரு கோடி யூரோவைத் தாண்டும். பணத்தை விடுங்கள், உங்கள் கஜானாவுக்கு அது கொசுறு. என் கவலை வேறு. உள்ளே விடப்படாதவர் திரும்பி வந்திருப்பாரா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே மறுத்த அதிகாரியின் ஊகம் தவறு என்று ஒருமுறைகூட நிரூபிக்க முடியாது. எங்கள் கிளி ஜோசியருக்குக்கூட இந்தச் சலுகை கிடையாது. சொன்னது நடக்கவில்லை என்றால் அடுத்த வாரம் கூண்டுக்கு எதிரே வந்து நின்றுவிடுவார்கள். ஆனால் 2025 அக்டோபர் 12 முதல், அதுவும் ஓர் இலையுதிர்காலத்தில், முகத்தையும் விரல் ரேகையையும் பதிந்து, வந்த நாளையும் போன நாளையும் குறித்துக்கொள்ளும் கணினி ஏற்பாட்டை நீங்களே தொடங்கியிருக்கிறீர்கள். எண்ணிக்கை இல்லாத காலத்தில் எண்ணத்தை ஆராய்ந்ததில் ஒரு நியாயம் இருந்தது. இப்போதுதான் எண்ணிக்கை கைக்கு வருகிறதே? நண்பர் வீட்டுக்கு என்று சொல்லி வந்தவர்களில் எத்தனை பேர் தங்கிவிட்டார்கள், ஹோட்டல் பதிவோடு வந்தவர்களில் எத்தனை பேர், மணமாகாதவர்களில் எத்தனை, வீட்டுப் பத்திரம் காட்டியவர்களில் எத்தனை என்று பிரித்து வெளியிடுங்கள். விசா கிடைத்தவர்களின் கணக்குத்தானே அதில் வரும் என்பது சரியான எதிர்வாதம். ஆனாலும் உங்கள் அளவுகோல் கோணலா நேரா என்று பார்க்க அது போதும்.

நம்பிக்கைக்குரியவர்களுக்கு நாங்கள் வழிவிட்டிருக்கிறோமே என்று 2024 ஏப்ரல் ஏற்பாட்டை நினைவூட்டுவீர்கள்: மூன்றாண்டுக்குள் இரண்டு விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்திய இந்தியருக்கு இரண்டு ஆண்டு விசா, பிறகு ஐந்து ஆண்டு விசா. நன்றி. போய்வந்தவரையே நம்புவோம், நம்பினால்தான் போய்வர விடுவோம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று எங்கள் பாட்டிகள் இதை முன்பே சொல்லிவைத்திருக்கிறார்கள். உங்கள் நாடு மட்டும் யோக்கியமா என்று திருப்பிக் கேட்டால் தலைகுனிய வேண்டியதுதான். இந்தியாவின் மின்விசாப் படிவம் விண்ணப்பதாரரின் தாத்தா பாட்டி பாகிஸ்தான் குடிமக்களா என்றுகூட விசாரிக்கும்; வெளிநாட்டு நண்பரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும். ஆயினும் திரும்பிப் போகும் எண்ணத்தைச் சம்பளச் சீட்டால் நிறுவும்படி ஒரு ஜெர்மானியரிடம் நாங்கள் கேட்பதில்லை. எங்கள் வெயில் அந்த வேலையைச் செய்துவிடும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம்.

கடைசியாக, நேர்மை கருதி, என் தரப்புக்கு எதிரான ஒரு சாட்சியையும் மறைக்காமல் வைக்கிறேன். பாண்டிய நாட்டில் பிசிர் என்ற ஊரில் ஆந்தையார் என்றொரு புலவர் இருந்தார். உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழனுக்கும் அவருக்கும் நட்பு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. சேர்ந்து எடுத்த படம் இல்லை, அழைப்புக் கடிதம் இல்லை. இத்தனை வயதாகியும் உமக்கு நரைக்காதது ஏன் என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். தோற்றமும் பிறந்த ஆண்டும் பொருந்தவில்லை என்ற ஐயம் அன்றே இருந்திருக்கிறது. அவர் தந்த விளக்கம் உங்கள் அதிகாரியை எழுந்து நின்று கும்பிட வைக்கும்: நல்ல மனைவி, நல்ல பிள்ளைகள், சொன்னபடி கேட்கும் ஏவலர், முறைகேடு செய்யாத அரசன், சான்றோர் நிறைந்த ஊர். சொந்த மண்ணோடு இதைவிட வலுவான பிணைப்பை எந்தக் கோப்பிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். உடனே ஐந்தாண்டு விசா கொடுத்திருப்பீர்கள். பிள்ளைகளோடு மனம் கசந்த சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது அவர் எல்லை தாண்டிப் போனார். நண்பன் பக்கத்திலேயே அமர்ந்து உயிர்விட்டார். திரும்பவேயில்லை. அவர் வரமாட்டார் என்றுதான் சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். சோழன் மட்டும், வருவார், அவருக்கும் ஓர் இடம் விட்டு வையுங்கள் என்றான். அதற்காக அவன் எந்த அலுவலகத்திலும் 29 யூரோ கட்டியதாகக் குறிப்பு இல்லை.

இப்படிக்கு,
திரும்பி வரும் எண்ணமுள்ள ஒருவர்