வெல்டரின் சம்மதம்

கேள்வி: லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர், வேலைநீக்க வழக்கில் சேலம் தொழிலாளர் நீதிமன்றத்துக்குத் தன் வக்கீலை அனுப்பலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: காசு மட்டும் போதாது, எதிரே நிற்கும் வெல்டரின் சம்மதமும் வேண்டும்! 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், பிரிவு 36(4), எதிர்த்தரப்பின் சம்மதம், நீதிமன்ற அனுமதி இரண்டையும் கேட்டது. ஏழைத் தொழிலாளிக்கு அது பெரிய அரண்.

பாரதீப் துறைமுக வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஆனால், முதலாளிகள் சங்க நிர்வாகியாக வரும் வக்கீலைத் தடுக்க முடியாது என்றும் சொன்னது.

பட்டறைக்காரர் வழக்கில் தோற்றபின் உயர் நீதிமன்றம் போனாலோ, வேறு வேலை கிடைக்காத தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை அதே சட்டத்தின் 17பி பிரிவுப்படி கொடுத்துவர வேண்டியிருந்தது.

குற்றச்சாட்டுக் கடிதம், விளக்கத்துக்கு அவகாசம், நேர்மையான உள்விசாரணை இல்லாமல் ஆளை நிறுத்திய பட்டறை, குற்றத்தை நீதிமன்றத்தில் முதலிலிருந்து சாட்சி வைத்து நிரூபிக்க நேரும்.