மின்விசிறி வைத்திருக்கும் செல்வந்தர்கள்

நலன்புரி நன்மைகள் சபையின் பெருமதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அஸ்வெசும கொடுப்பனவுக்காக ஏழ்மையை அளக்க 22 சுட்டிகள் வகுத்தீர்களே, அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது மின்சாரப் பாவனை. மீற்றர் எத்தனை அலகு ஓடியது என்று பார்த்தாலே வீட்டின் தராதரம் தெரிந்துவிடும். அந்தச் சுட்டியின் புண்ணியத்தில் எங்களூரில் ஒரு புதுச் செல்வந்தர் கூட்டம் முளைத்திருக்கிறது. அவர்களை அறிமுகப்படுத்தவே இக்கடிதம்.

அவர்களுக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் (எம்.எஸ்.) என்றொரு நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முண்ணாணிலும் நரம்பைச் சுற்றியுள்ள உறையை அரித்துவிடும். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில், உழைக்கிற வயதில், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வரும். உறை போன நரம்புக்குச் சூடு ஆகாது. உடம்புச் சூடு அரைப் பாகை கூடினாலே கண் மங்கும், கால் இழுபடும். உடம்பை வருத்தினால் இவர்களுக்குப் பார்வை மங்குகிறது என்று ஊத்தொஃப் என்ற ஜேர்மன் கண் வைத்தியர் 1890இலேயே எழுதினார். சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. பாவம், அந்த மனுசனுக்கு எங்கள் அனல் பறக்கும் கச்சான் காற்றைத் தெரியாது.

சூட்டுக்கு மருந்து குளிர்ச்சிதான். ஆனால் மருந்து குளிசையாக வந்தால்தான் உங்களுக்கு அவர் நோயாளி. ஏசியாகவோ இரவுபகல் சுழலும் ஃபேனாகவோ வந்தால் வசதி படைத்தவர். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். பிறகு குறைத்தார்கள், திரும்பக் கூட்டினார்கள். கச்சான் கட்டணம் பார்த்து அடிப்பதில்லை. வீட்டில் நாட்பட்ட நோயாளி இருந்தால் அதற்கும் ஒரு சுட்டி வைத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கண்ணால் நோயாளியையும் மறு கண்ணால் மீற்றரையும் பார்க்கிறீர்களே, நரம்பு வைத்தியர்தான் உங்களையும் பார்க்க வேண்டும்.

சிறுநீரக நோயாளருக்கு உங்கள் கொடுப்பனவில் தனிப் பெயர் உண்டு, நல்லது. எம்.எஸ். காரர் வலுவிழந்தோர் வரிசையில்தான் நிற்க வேண்டும். அங்கேதான் சிக்கல். இந்த நோய் வரும், தணியும், மறுபடி வரும். காலைக் குளிர்ச்சியில் உங்கள் உத்தியோகத்தர் பரிசோதிக்க வந்தால் நோயுள்ள பிள்ளை படலை வரை நடந்து வந்து வரவேற்று, தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுக்கும். விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. ஆகவே பரிசோதனையை மத்தியானம் இரண்டு மணிக்கு வைக்குமாறு பணிவுடன் கேட்கிறேன்.

அதிலும் நம்பிக்கை இல்லையென்றால் எங்கள் கன்னியா வெந்நீர் ஊற்று இருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் புழக்கத்துக்கு வரமுன், வெளிநாட்டு வைத்தியர்கள் சந்தேகமுள்ளவரைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் இருத்துவார்கள்; கைகால் சோர்ந்தால் இந்த நோயாக இருக்கலாம் என்று கணிப்பார்கள். தாயின் கிரியைக்காக இராவணன் எடுத்ததாகச் சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் எங்களிடம் இருக்க, தொட்டிக்கு ஏன் செலவு? கிணற்றடிக்கு ஒரு மேசை போடுங்கள். நடந்து போய்க் குளித்துவிட்டு நடந்து திரும்புபவர் நிராகரிப்பு. தூக்கிக்கொண்டு வரப்படுபவர் தகுதி.

வைத்தியம் இலவசம்தானே என்பீர்கள். உண்மை, அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. 2022இல் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது 'வெளியில் வாங்குங்கள்' என்று எழுதிய துண்டும் இலவசமாகவே கிடைத்தது. 2023 ஜூலையில் ஜெனீவாவிலுள்ள உலக சுகாதார நிறுவனம் கிளாட்ரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்சிமாப் என்று இந்நோய்க்கான மூன்று மருந்துகளை முதன்முறையாக அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அத்தியாவசியம் என்று ஜெனீவா ஒப்புக்கொண்டது, பார்மசிக்காரர் கேட்கும் விலையைக் குறைத்துவிடாது. சிகிச்சைக்குக் கொழும்புக்குப் போக வேண்டி வந்தால், கூடப் போகிறவரின் ஒருநாள் கூலியும் போகும். அதற்கு உங்களிடம் சுட்டி இல்லை.

மின்சாரக் கணக்கில் எங்கள் பக்கமும் ஒன்று உண்டு: கொட்டியாரக் குடாவின் அக்கரையில் சம்பூர் இருக்கிறது. 2006இல் போரில் இடம்பெயர்ந்த மக்கள் திரும்பப் பல ஆண்டுகள் காத்திருந்தது, அவர்கள் மண் நிலக்கரி மின்நிலையத்துக்கு ஒதுக்கப்பட்டதாலும்தான். 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் தொடங்கியது. மின்சாரத்துக்காக இத்தனை காலம் மண்ணை அளந்து கொடுத்த மாவட்டம் ஒரு ஃபேனின் அலகைக் கேட்பது பேராசையோ?

வைத்தியர் கடிதத்தோடு குளிர்ச்சிக்காகச் செலவாகும் அலகுகளை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம். கேட்பது இவ்வளவே. பதில் போடுவதென்றால் பெரிய எழுத்தில் அச்சடித்து, காலையிலேயே கிடைக்கும்படி அனுப்புங்கள். மத்தியானத்துக்குப் பிறகு வரும் கடிதத்தை வாசிக்க இன்னும் இரண்டு அலகு ஓட்ட வேண்டும்.

இப்படிக்கு,
துறைமுகப் பக்கத்து வாசி