நாலாயிரமும் நல்ல படம்தான்

கேமரா வாங்கிய கையோடு, உடம்பெல்லாம் பை வைத்த கையில்லாக் காக்கிக் கோட்டு ஒன்றும் வாங்கிவிடுவார் நம்மவர். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர், மார்கழியில் வேடந்தாங்கல், மற்ற ஞாயிறுகளில் விடியுமுன் காசிமேடு. மீன் வாங்காமல் காசிமேட்டிலிருந்து திரும்பும் ஒரே இனம் இதுதான்.

நாரை ஒன்று சிறகை விரித்தால் அறுபது கிளிக். கேட்டால், "விடாம அமுக்கினாத்தானே ஒண்ணாவது தேறும்?" நியாயம்தான். தேறாத ஐம்பத்தொன்பதை அழிப்பதில்தான் தகராறு.

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, அழிச்சா என்னங்க?" என்பார் வீட்டுக்காரம்மா.

"இதுல பாரு, கண்ணுல வெளிச்சம் விழுந்திருக்கு. அதுல இல்ல." படத்தை 200 சதவீதம் பெரிதாக்கிக் காட்டுவார். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியிருக்கும்.

எடுப்பதெல்லாம் ரா ஃபைல். 24 மெகாபிக்சல் கேமராவில் படத்துக்குச் சுமார் 25 எம்பி. ஆயிரம் படம் எடுத்தால் ஒரு காலை நேரத்து வேடந்தாங்கல் 25 ஜிபி. ஜேபெக்கில் எடுப்பவர்களை அவர் மனிதர்களாக மதிப்பார், கலைஞர்களாக அல்ல.

புதிதாகக் கேமரா வாங்கிய பையன் சிக்கினால் போச்சு. கார்டிலிருந்து இறக்கியதும் வருஷம், மாதம், இடம் என்று ஃபோல்டர் போடு. ஆடினது, கண் மூடினது எல்லாவற்றையும் கழி. தேறினதுக்கு நட்சத்திரம் கொடு. அப்புறம்தான் வெளிச்சம், வண்ணம். இரண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி, அதில் ஒன்று வேறு வீட்டில். அவன் காபி ஆறி ஏடு கட்டும்வரை ஓதுவார். ஓதுவது அத்தனையும் சரி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவர் லேப்டாப்பைத் திறந்தால் கதை வேறு. கேமராவில் தேதி வைக்காததால், லைட்ரூம் நாரைகளையும் மச்சினியின் சீமந்தத்தையும் ஒரே நாளில் அடுக்கியிருக்கிறது. நட்சத்திரமோ, நாலாயிரம் படத்துக்கும் ஐந்தைந்து. எதைக் குறைப்பது? எல்லாம் அவர் பெற்றவை.

எடிட்டிங்கில் அவருக்குத் தெரிந்த திசை வலது மட்டுமே. எந்தப் பட்டையையும் அந்தக் கோடிக்கு இழுத்துவிட்டுத்தான் யோசிப்பார். நத்தைகுத்தி நாரை பாவம், வெள்ளையும் சாம்பலுமான பறவை. இவர் கைக்கு வந்தால் பூநாரையாகிவிடும். எவ்வளவு இழுத்தாலும் ரா ஃபைலில் மூலப்படம் அப்படியே இருக்கும் என்பது நாரைக்கு ஓர் ஆறுதல்.

சீமந்தப் படங்களை மச்சினி இன்னும் பார்க்கவில்லை. "எடிட்டிங்ல இருக்கும்மா. ஹால்ல ட்யூப் லைட்டும் வீடியோக்காரன் லைட்டும் கலந்துடுச்சு, ஒயிட் பேலன்ஸ் மட்டும்தான் பாக்கி." வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது எல்கேஜி சேரப் போகிறது. பள்ளிக்கூடத்தில் பாஸ்போர்ட் சைஸ் படம் கேட்டார்களாம்.

"நானே எடுத்துத் தர்றேனே!" என்றார் நம்மவர், கோட்டை மாட்டியபடி.

"உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்?" என்று சொல்லிவிட்டு, மச்சினி பிள்ளையைத் தெருமுனை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனாள். பத்து நிமிஷத்தில் எட்டு பிரிண்ட் வந்துவிட்டது.