முடங்கிய ராஜாவும் அரைப் புள்ளியும்

சதுரங்கத்தில் வெற்றி தோல்வியின்றி ஆட்டம் முடிந்து, ஆளுக்கு அரைப் புள்ளி கிடைப்பதை டிரா என்பர். 2018-இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 12 நெடுநேர ஆட்டங்களும் டிராவில் முடிந்தபோது, அதனை இருவரின் நுட்பத்துக்குச் சான்றாகவே பலரும் கொண்டனர். மன்ற அளவிலான ஆட்டக்காரர்களிடையே நேரும் டிரா வேறு இனத்தைச் சேர்ந்தது. இருவரும் செய்த பிழைகள் தற்செயலாக ஒரே எடைக்கு வந்து நிற்பதே அங்குச் சமநிலை எனப்படுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இதனை விளக்குவது எளிதன்று. அங்கு ஜல்லிக்கட்டில் வாடிவாசலைத் தாண்டும் காளை பிடிபடும், அல்லது பிடிபடாது. திமிலை அரைகுறையாகத் தழுவியவருக்கு எவரும் அரை அண்டா பரிசளித்ததில்லை. திண்ணை ஆட்டமான ஆடுபுலியிலும் 3 புலிகளும் நகர வழியின்றி அடைபட்டால், 15 ஆடுகளை நடத்தியவர் ஐயமின்றி வென்றவராவார். சதுரங்கமோ, செக் இல்லாத நிலையில் எதிரிக்கு நகர்த்த ஒரு காயும் இல்லாமற் செய்துவிட்டவருக்கு அரைப் புள்ளியோடு விடை கொடுக்கிறது. ஸ்டேல்மேட் எனப்படும் இந்நிலையில், 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முடக்கியவரே தோற்றவராகக் கருதப்பட்டார் என்பதை நோக்க, இன்றைய விதி கருணை மிக்கது.

எதிரியிடம் ஹெச்8 மூலையில் தனி ராஜா மட்டும் எஞ்சியிருக்க, ராணியை வைத்திருப்பவர் அதனைக் கம்பீரமாக ஜி6 கட்டத்தில் வைத்து, கடிகாரத்தை அழுத்தி, ஆட்டத்தாளில் வெற்றியைக் குறிக்கப் பேனாவையும் எடுத்துவிடுகிறார். எதிரே இருப்பவர், முகத்தில் துக்கம் கலையாதவாறு பார்த்துக்கொண்டே, கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைக்கிறார்.

பின்னர் நடக்கும் ஆய்வில், தோற்க வேண்டியவரும் தாம் 20 நகர்வுகளுக்கு முன்பே வென்றிருக்க வேண்டியதை நிறுவுவார். அதற்குத் தேவையான நகர்வுகளை எதிரிக்காகவும் அவரே ஆடிக்காட்டுவார்.

எனினும் ஒருவர் பெறும் அரையும் மற்றவர் பெறும் அரையும் ஒன்றல்ல. பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தரப்புள்ளி முறையில், ஒருவரது வலிமைக்கேற்ப எதிர்பார்க்கப்படும் முடிவுக்கும் உண்மையில் வந்த முடிவுக்கும் உள்ள வேறுபாடே கணக்காகும். 1700 தரப்புள்ளி உடையவர் 1500 உடையவரிடம் டிரா செய்தால், இந்த வேறுபாட்டைப் பெருக்கும் எண் இருவருக்கும் 20 எனில், முன்னவர் சுமார் 5 புள்ளிகளை இழக்க, பின்னவர் அவற்றைப் பெறுகிறார். ஆடி மாதத்தில் கீரமங்கலம், வடகாடு வட்டார மொய் விருந்துகளில் எழுதிய பணமாவது ஒரு நாள் திரும்பி வரும். தரப்புள்ளியில் அந்த முறை கிடையாது.